இனம்: இந்தியத் தமிழர்

இலங்கைத் தூதரகக் கவுண்டரில் இருந்த பெண், என் மகளின் பிறப்புப் பத்திரத்தைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளி வழியே என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"அப்பா இந்தியர்னு போட்டிருக்கே, மாத்தயா. இந்தியரோட பிள்ளைக்கு நாங்க எப்பிடிப் பாஸ்போர்ட் குடுக்கிறது?"

சிங்களத்தில்தான் கேட்டார், 'மாத்தயா' என்று மரியாதையாகத்தான் கேட்டார். என்னுடைய இலங்கைப் பாஸ்போர்ட் அந்த நேரத்தில் அவர் கையிலேயே இருந்தது. நான் அதைக் காட்டினேன். அவர் அதையும் பார்த்தார், பத்திரத்தையும் பார்த்தார். துபாய் ஆஸ்பத்திரியில் கொடுத்த பத்திரம் அரபியில் இருந்தது. அதன் ஆங்கிலப் பிரதியை இங்கே கொடுப்பதற்காக முதல்நாள்தான் எடுத்திருந்தேன். எடுத்தவன் படித்தேனா? இல்லை. பிள்ளையின் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அப்பாவின் நாடு என்ற இடத்தில் இந்தியா என்று இருந்தது. அம்மாவின் நாடு இலங்கை.

"அம்மா இலங்கைன்னாலும் பத்திரமும் உங்க பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகணும். திருத்திக்கிட்டு வாங்க" என்றார் அந்தப் பெண்.

எனக்குப் பின்னால் நின்றவர் நகர்ந்து முன்னே வந்துவிட்டார். நான் பக்கத்துச் சுவரில் சாய்ந்தேன். என் மண்டைக்குள் ஓடியது இதுதான்: பாஸ்போர்ட் இல்லையென்றால் பிள்ளைக்கு விசா இல்லை. பிறந்த பிள்ளைக்கு விசா எடுக்க இந்த நாட்டில் ஒரு கெடு உண்டு. அதில் பாதிக்குமேல் நான் ஏற்கெனவே தின்றுவிட்டேன். கெடு தாண்டினால் தினமும் அபராதம். அதையாவது எப்படியோ கட்டலாம். ஆனால் பாஸ்போர்ட் இல்லாத பிள்ளையை ஊருக்கும் அனுப்ப முடியாது, இங்கே வைத்திருக்கவும் முடியாது. என் மகள் பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு ஒரு நாடும் இல்லை.

துபாய் கராமாவில் பலகை அடித்துப் பிரித்த ஓர் அறையில்தான் நாங்கள் குடியிருந்தோம். பலகைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அதனால் என் மனைவி சத்தம் போட முடியாமல் மெதுவாகத்தான் சிரித்தாள்.

"இந்தியாக்கார மாப்பிள்ளையக் கட்டிக்கிட்டேன்னு இவ்வளவு நாளா எனக்குத் தெரியாமப் போச்சே."

"சிரிக்காத."

"சிரிக்காம என்னா செய்றது? நீங்க இந்தியாவ எட்டியாச்சும் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. என் அப்பா பார்த்ததில்லை, அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியில், நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். ஆனால் எங்கள் நாட்டில் பிறப்புப் பத்திரத்திலும் கலியாணப் பத்திரத்திலும் 'இனம்' என்று ஒன்று கேட்பார்கள். தோட்டத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தோட்டத்து ஆபீஸில் இருந்தவர் ஒரே கையாக 'இந்தியத் தமிழர்' என்று எழுதிக்கொண்டே போவார். யாரும் கேட்டு எழுதியதில்லை. யாரும் மறுத்ததுமில்லை.

என் மனைவியும் எங்கள் பக்கத்துத் தோட்டம்தான். ஆனால் அவள் கண்டி ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அங்கே பதிகிறவர் அவளுடைய அப்பாவிடம், "இந்தியத் தமிழரா, இலங்கைத் தமிழரா?" என்று கேட்டிருக்கிறார். மாமா, "பொறந்தது இங்கதானுங்களே" என்றாராம். அந்த ஒரு வார்த்தையால் அவள் இலங்கைத் தமிழர் ஆகிவிட்டாள். ஒரே மலை, ஒரே கோயில் திருவிழா, கலியாணத்துக்கு முன்பே சுற்றிவளைத்துச் சொந்தம். ஆனாலும் எங்கள் கலியாணப் பத்திரத்தில் மாப்பிள்ளை ஓர் இனம், பெண் ஓர் இனம்.

அந்தக் கலியாணப் பத்திரத்தில்தான் கோளாறு இருந்தது. துபாயில் பிள்ளை பிறந்தால் பெற்றோரின் கலியாணப் பத்திரத்தை அரபியில் கொடுக்க வேண்டும். அதை நான் எங்கள் தெருவிலேயே உள்ள டைப்பிங் சென்டரில் மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தேன். அங்கே இருப்பவர் கீழக்கரைப் பக்கத்துக்காரர், எல்லாரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுவார்கள். மறுநாள் காலையில் கடை திறக்குமுன்பே போய் நின்றேன்.

பாய் கண்ணாடியை மாட்டி அரபிப் பிரதியைப் படித்தார். ஒரு விரலை ஒரு வரியில் வைத்தார், எடுக்கவில்லை.

"தம்பி, இந்தியன் தமிழ்னு இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சுல்ல?"

"ஆமா பாய்."

"நான் நம்ம ஊரு ஆளுன்னுல நெனச்சேன். பொண்ணு சிலோன், மாப்பிள்ள நம்ம பக்கம்னு நெனச்சு அப்பவே சந்தோசமாப் போச்சு எனக்கு. ரேஸ், இனம்னு அடிச்சா இங்க உள்ளவனுக்கு என்னன்னு வெளங்காது. அவன் கேக்குறதெல்லாம் ஜின்சியா, எந்த நாட்டுக்காரன்னு. அதனால ஜின்சியான்னு போட்டு, அரபில இந்தியனுக்கு ஹிந்தின்னுதான், அதையே அடிச்சு அனுப்புனேன். ஆபீஸ்லயும் பாத்து முத்திரை குத்திட்டாங்க."

"நான் இந்தியா இல்ல பாய்."

"அப்ப ஏன் தம்பி இந்தியன்னு போட்டு வச்சிருக்கீங்க?"

கோபம் வந்தது, ஆனால் அவர் மேல் வரவில்லை. சொந்தக்காரன் என்று நினைத்துத் தப்புச் செய்தவரை எப்படித் திட்டுவது? அவரே எழுந்து எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, புதுப் பிரதியை அவரே செய்து முத்திரை வாங்கித் தருவதாகச் சொன்னார். "கவலப்படாதீங்க" என்றார். அந்த வார்த்தையை யார் சொன்னாலும் எனக்குக் கவலை கூடத்தான் செய்யும்.

ஆஸ்பத்திரியில் அந்த அரபிப் பிரதியைப் பார்த்துத்தான் பத்திரத்தை அடித்திருக்கிறார்கள். சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னபோது, அரபி படிக்கத் தெரியாமலேயே சரி என்று போட்டவன் நான். திருத்த வேண்டுமென்றால் கம்பெனிக் கடிதம் வேண்டும் என்றார்கள்.

நான் அல் கூஸில் ஒரு வேர்ஹவுஸில் ஸ்டோர் பார்க்கிறேன். எங்கள் கம்பெனியில் விசா வேலைகளை ஒரு மேடம் பார்த்தார். அமெரிக்காவில் பிறந்தவர். அவருடைய அம்மா அப்பாவுக்கு முந்திய ஆட்கள் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். பார்க்க லெபனான்காரர் மாதிரி இருப்பார். டெலிவரிக்கு வருகிற அரபு டிரைவர்கள் அவரிடம் அரபியில் பேசத் தொடங்குவார்கள். அவர் விழிப்பார். ஒருமுறை ஒரு வயசாளி, "சொந்த பாஷையை மறந்துட்டியா?" என்று அரபியில் திட்டிவிட்டே போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னேன். கலியாணப் பத்திரத்தைக் காட்டினேன். மேடம் 'இனம்' என்ற இடத்தில் நகத்தை வைத்து, "இது எதுக்கு இங்கே? கலியாணத்துக்கும் இதுக்கும் என்ன?" என்றார்.

"எங்க நாட்டுல கேப்பாங்க மேடம்."

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. அப்புறம் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டுமென்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர்கள் நாட்டில் பள்ளியில் சேர்ந்தாலும் வேலையில் சேர்ந்தாலும் ஒரு கேள்வி வருமாம், நீ ஹிஸ்பானிக்கா என்று. வீட்டில் யாரும் அந்த வார்த்தையைப் பேசியதே இல்லையாம். பள்ளியில் தாளைக் கொடுத்தபோதுதான் தான் அது என்று தெரியவந்ததாம். ஆமாம் என்று கோடு போட்டதும் அடுத்த கேள்வி, அப்படியானால் உன் இனம் என்ன: வெள்ளையா, கறுப்பா, இன்னும் ஏதேதோ. "அதிலே எதுவும் நான் இல்லை. ஒவ்வொரு தடவையும் 'மற்றவை'யில் கோடு போடுவேன். மெக்சிகோவுக்குப் போனால் என்னை அமெரிக்கக்காரி என்பார்கள். எனக்கு ஸ்பானிஷும் அரைகுறை. ஆனால் இப்போது யாராவது நீ ஹிஸ்பானிக் இல்லை என்று சொன்னால், சண்டைக்குப் போவேன். அவர்கள் கொடுத்த பேர்தான், ஆனாலும் இத்தனை வருஷம் போட்டுக்கொண்டு திரிந்தாயிற்று."

எனக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்றது. மற்ற எல்லாம் பாதிதான் புரிந்தது, அது முழுசாகப் புரிந்தது.

அறைக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அந்த மேடமும் நம்மள மாதிரித்தான் போல."

"அவங்களுக்கென்னாங்க, அமெரிக்கா பாஸ்போர்ட்டு. என்னா கோடு போட்டாலும் ஏர்போர்ட்டுல கும்பிட்டு அனுப்புவாங்க" என்றாள், பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டே.

கடிதம் கிடைத்தது. பாயும் சொன்னபடி புதுப் பிரதியைத் தந்தார். ஆஸ்பத்திரியில் ஓர் இடம், அங்கிருந்து பத்திரம் கொடுக்கிற ஆபீஸ், அங்கே கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, திங்கட்கிழமை வா. திங்கட்கிழமை வேறொரு பெண் இருந்தார். அரபியில் கேட்டார், நான் ஹிந்தியா என்று.

"லா, சிரிலங்கி." இல்லை, இலங்கைக்காரன்.

"மக்தூப் ஹிந்தி." எழுதியிருக்கிறதே என்கிறார்.

"கலத், மேடம், கலத்." தப்பு, தப்பு. எனக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான். பாஸ்போர்ட், ஐடி, கம்பெனிக் கடிதம், புதுப் பிரதி எல்லாவற்றையும் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து என் முகத்தையும் படத்தையும் பார்த்தார். நான் என் கையை மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டேன். பயப்படுகிறவனைத்தானே சந்தேகப்படுவார்கள்?

அன்று திருத்தித் தந்தார்கள். வாங்கியதும் நேரே பாயிடம் கொண்டுபோய் வரிக்கு வரி படிக்கச் சொன்னேன். அப்பா, சிரிலங்கா. அவர் இரண்டு தடவை படித்தார். நான் மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னேன். "தம்பி, கலாஸ், முடிஞ்சுபோச்சு, போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

முடியவில்லை. தூதரகத்தில் பிள்ளையைப் பதிய ஒரு படிவம் உண்டு. அதை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், அதிலும் அப்பாவின் இனம், அம்மாவின் இனம், பிள்ளையின் இனம்.

மனைவி பேனாவைப் பிடுங்கினாள். "புள்ளைக்கு நானே எழுதுறேன், இலங்கைத் தமிழர். இன்னொருக்கா இந்தியான்னு எழுதி, அத இன்னொரு பாய் பாத்து, நம்ம புள்ள பெரிசாகி அலையணுமா?"

அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் நான் எழுத விடவில்லை. "அங்க போய்க் கேட்டுட்டு எழுதலாம்" என்றேன். "எதக் கேக்க?" என்றாள். நான் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவள் கோபித்துக்கொண்டு, வழியெல்லாம் பிள்ளையோடு மட்டும் பேசிக்கொண்டு வந்தாள்.

தூதரகத்தில் நம்பர் வர நேரமிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, அதுவரை அவளிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு நான் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு நின்றவன். யுத்த காலம். தமிழ்ப் பெயரோடு ரோட்டில் நடந்தால் ஆர்மியோ போலீஸோ மறித்துக் கேட்பார்கள். கடை முதலாளி, பிறப்புப் பத்திரத்தில் ஒரு கொப்பி எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். ஒரு பின்னேரம் புறக்கோட்டையில் என்னையும் இன்னொரு பையனையும் ஒன்றாக நிறுத்தினார்கள். என் வயதுதான் இருக்கும். என் கொப்பியைப் படித்தவர், "இந்தியானு தெமள. வத்தே கொல்லெக்" என்றார் மற்றவரிடம். இந்தியத் தமிழன், தோட்டத்துப் பையன். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், போ என்று. மற்றவனின் கடதாசியில் இலங்கைத் தமிழர் என்று இருந்தது; புலியோ என்று சந்தேகப்பட்டு அவனை ஜீப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் நடந்துவிட்டேன். ஓடினால் திரும்பக் கூப்பிடுவார்களே என்று, ஓடாமல் நடந்தேன்.

"அந்தப் பையன் என்னா ஆனான்?" என்றாள்.

"தெரியாது."

பிள்ளை கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மனைவி அவள் சாக்ஸை இழுத்துவிட்டாள்.

"அப்ப எங்க அப்பா சொன்னது தப்பாப் போச்சுங்கிறீங்களா?"

"அப்பிடிச் சொல்லல."

"வேற எப்பிடிச் சொல்றீங்க?"

"எது காப்பாத்தும், எது மாட்டிவிடும்னு எனக்குத் தெரியல. அங்க அந்த வார்த்த என்னைக் காப்பாத்துச்சு. இங்க அதே வார்த்த புள்ளைக்கு ஆபத்தாப் போச்சு. இவ எங்க போய் எந்தக் கவுண்டர்ல நிக்கப்போறாளோ."

தோட்டத்தான், இந்தியாக்காரன் என்று ஊரில் கேட்ட பேச்சையெல்லாம் வைத்து அந்த வார்த்தையை அவள் வெறுத்தாள். நான் அதை வெறுத்ததும் உண்டு, அதற்குள் ஒளிந்ததும் உண்டு. கூச்சமாகத்தான் இருக்கிறது எழுத.

நம்பர் வந்தது. அதே பெண்தான். பத்திரத்தைப் பார்த்து, "இப்ப சரி" என்று தலையாட்டினார். படிவத்தைப் புரட்டினார். பிள்ளையின் இனம் எழுதாமல் இருந்தது.

"இது?"

"அப்பாவோடதத்தான் போடணுமா, மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"வழமையா அப்பாவோடதுதான் போடுவாங்க. நீங்க இந்தியத் தமிழர்னு இருக்கு. வேற போடணும்னா போடலாம். பிறகு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஏன் வித்தியாசம்னு யாராச்சும் கேட்டா, நீங்கதான் பதில் சொல்லணும்."

"எது நல்லது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? "எனக்குத் தெரியாதே, மாத்தயா" என்றார். பின்னால் இருமினார்கள். மனைவியைப் பார்த்தேன். காலையில் பேனாவைப் பிடுங்கியவள், இப்போது பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

'மற்றவை' என்று ஒன்று இருந்திருந்தால் அதில்தான் கோடு போட்டிருப்பேன். இல்லை.

"இலங்கைத் தமிழர்" என்றேன்.

துணிந்து சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜீப் நின்ற ரோடு தூரத்தில் இருந்தது. கெடு பக்கத்தில் இருந்தது. இன்னொரு தடவை ஹிந்தி, சிரிலங்கி என்று ஒரு மேசைக்கு முன்னால் கையை ஒளித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது என்பதால் சொன்னேன். பக்கத்தில் இருந்த பயம் ஜெயித்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் அடித்து முடித்து, சரிபார்க்கச் சொல்லி ஒரு தாளைத் தந்தார். இந்தத் தடவை மனைவி அதை என் கையில் கொடுக்கவில்லை. அவளே வாய்விட்டுப் படித்தாள். அப்பா, இந்தியத் தமிழர். அம்மா, இலங்கைத் தமிழர். பிள்ளை, இலங்கைத் தமிழர். நான் கையெழுத்துப் போட்டேன்.

பாஸ்போர்ட் வந்தது. மேடம் அதே நாளில் விசாவுக்குப் போட்டார். கெடு முடிய மிச்சம் கொஞ்சமே இருந்தபோது விசாவும் வந்துவிட்டது. அன்று மாலை நான் வேலையிலிருந்து வந்ததும் மனைவி பாஸ்போர்ட்டைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "பாரு பாப்பா, நீயும் நானும் ஒரே ஆளு. இந்த இந்தியாக்காரர் யாருன்னு எனக்குத் தெரியாது" என்றாள். நானும் சிரித்தேன். பலகைக்கு அந்தப் பக்கமிருந்தும் யாரோ சிரித்தார்கள்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே யோசனை ஓடத் தொடங்கிவிட்டது. இவள் பெரியவளாகி, எங்காவது ஒரு ஆபீஸில், உன் அப்பா ஏன் வேறு இனம் என்று கேட்டால், முதலில் என்னத்தைச் சொல்வாள்? என்னைப் பற்றித்தானே சொல்ல வேண்டியிருக்கும்.

"சாப்பிடுங்க" என்றாள் மனைவி. "அதக் கேக்கிறப்போ அவ பாத்துக்குவா."

நான் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.